செக்ரோலில் ஏறாத கிலோமீற்றர்கள்

செடிக்குச் செடி 2 அடி, நிரைக்கு நிரை 4 அடி. மலைநாட்டில் தேயிலை நடுவதற்கு வழக்கமான அளவு இது. ஒரு செடிக்கு 8 சதுர அடி வருகிறது. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே ஏக்கருக்கு 5,445 செடி. மலையை வளைத்துக்கொண்டு நிரையோடு போகும் பாதையில் ஒரு கிலோமீற்றர் நடந்தால், இரண்டு பக்கத்து ஓர நிரைகளில் மட்டும் 3,280 செடிகளைக் கடந்திருப்போம். பழைய மலைகளில் செடி செத்துப்போன வெற்றிடம் நிறைய உண்டு. அதை விருப்பம்போலக் கழித்துக்கொள்ளலாம். லிந்துலைப் பக்கம் நடக்க வருகிறவர்கள் எங்கே பார்த்தாலும் பச்சை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பச்சைக்குப் பற்றும் வரவும் உண்டு.

லிந்துலை பெரிய ஊர் இல்லை. தலவாக்கலைக்கும் அதற்கும் சேர்த்து ஒரே நகரசபை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதிதான் இந்தப் பகுதியின் முதுகெலும்பு. தேயிலை வியாபாரிகளின் கணக்கில் இது டிம்புள்ள வலயம். ஏறத்தாழ 1,100 மீற்றரிலிருந்து 1,600 மீற்றர்வரை உயரம். ஹோட்டன் சமவெளிப் பக்கம் பிறந்து அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்கில் இறங்கும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவாகி மகாவலியில் விழுகிறது. ஆற்றின் இரு பக்கமும் தோட்டம், தோட்டத்துக்குள் டிவிசன், டிவிசனுக்குள் தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீடான லயம். இவற்றை இணைக்கக் கொழுந்து லொறி போகும் ரோடும் ஆள் மட்டும் போகும் குறுக்குப் பாதையும் இருக்கின்றன. நடக்க ஆசைப்படுகிறவருக்கு இதைவிட வசதியான நிலம் இலங்கையில் குறைவு.

நேரக் கணக்குக்கு ஒரு ஸ்கொட்லாந்துக்காரரின் விதி உதவும். வில்லியம் நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892இல் சொன்னது: 3 மைலுக்கு ஒரு மணி நேரம் வை, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம் சேர். நமது அளவில், 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி, 10 மீற்றர் ஏற்றத்துக்கு ஒரு நிமிடம். இறக்கத்துக்கு அவர் எதுவும் சேர்க்கவில்லை. ஆகவே லிந்துலைப் பக்கத்தில் புத்திசாலித்தனம் என்னவென்றால், ஏற்றத்தை பஸ்ஸிடம் விட்டுவிட்டு இறக்கத்தைக் காலுக்கு வைத்துக்கொள்வது. தலவாக்கலை ரயில் நிலையம் ஏறக்குறைய 1,200 மீற்றர். நானுஓயா 1,600க்குச் சற்று மேல். இடையில் 400 மீற்றர். நெய்ஸ்மித் கணக்கில் அந்த ஏற்றத்துக்கு மட்டும் 40 நிமிடம் கூடும்.

ரயிலுக்கும் அதே ஏற்றம்தான். மலைநாட்டுப் பாதையின் கூடிய சரிவு 44க்கு 1. அப்படியானால் 400 மீற்றர் ஏற, குறைந்தது 17,600 மீற்றர் தண்டவாளம் வேண்டும். வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல என்று ரயில் ஏன் மலையைச் சுற்றிச் சுற்றி வருகிறது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெருக்கலைச் செய்து காட்டலாம். 1885இல் நானுஓயாவைத் தொட்ட பாதை பதுளைக்குப் போய்ச்சேர 1924 ஆனது.

எளிய நடை என்று நான் கணக்கில் எடுப்பது 5 முதல் 8 கிலோமீற்றர், 200 மீற்றருக்கு மேற்படாத ஏற்றம், இரண்டு முனையிலும் பஸ். இந்த அளவுகோலில் 2,200 மீற்றருக்கு மேல் உயரமான கிரேட் வெஸ்டர்ன் மலை கழிந்துவிடுகிறது. அதை அடியில் நின்று பார்த்தால் போதும்.

தலவாக்கலையிலிருந்து ஹட்டன் பக்கமாக ஏ7 வீதியில் 3 கிலோமீற்றரில் சென். கிளயர் அருவி, 6 கிலோமீற்றரில் டெவன் அருவி. முன்னதன் உயரம் 80 மீற்றர், பின்னதன் உயரம் 97 மீற்றர். இரண்டையும் வீதியோரத்திலிருந்தே பார்க்கலாம். நடை நேரம் 72 நிமிடம்; நின்று பார்ப்பதையும் தேத்தண்ணீரையும் சேர்த்தால் இரண்டரை மணி. திரும்பி வர பஸ். காட்சிக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன். நடைக்குப் பாதிகூடக் கொடுக்கமாட்டேன். வாகனம் நிறைந்த பிரதான வீதியில் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கிப் போவதை நடை என்று சொல்ல மனம் வராது. சென். கிளயரில் இப்போது விழுவதும் பழைய தண்ணீரல்ல. 2012இல் திறந்த மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 150 மெகாவாற். தலவாக்கலையிலேயே ஆற்றை மறித்து ஏறக்குறைய 13 கிலோமீற்றர் சுரங்கத்தால் தண்ணீரைக் கொண்டுபோகிறார்கள். அருவிக்கு எவ்வளவு விடுவது என்பதை மின்சாரக் கணக்குத் தீர்மானிக்கிறது.

பிரதான வீதியை விட்டு ஒரு தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் எல்லாம் மாறிவிடும். லொறி ரோடுகள் லொறிக்காக வெட்டியவை. அதனால் சரிவு மிதமானது. குறுக்குப் பாதைகள் ஆளுக்காக ஆளே மிதித்து உண்டாக்கியவை. செங்குத்தாகப் போகும், பாதி தூரத்தை மிச்சப்படுத்தும், மழையில் வழுக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் புல்லுள்ள இடமெல்லாம் அட்டை. சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொள்வது மலிவான பாதுகாப்பு. ஜனவரி முதல் மார்ச் வரை நடப்பவருக்கு நல்ல காலம்; டிம்புள்ளத் தேயிலைக்கும் அதுதான் நல்ல காலம், காய்ந்த காற்றும் குளிர் இரவும் கொழுந்துக்கு மணம் சேர்க்கும்.

வட்டகொடைப் பக்கம் பீக்கோ ட்ரெயிலும் வருகிறது. கண்டிக்கருகே ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடியும் இந்த நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 கட்டம். சராசரி கட்டத்துக்கு 13 கிலோமீற்றருக்கு மேல். ஸ்பெயினைச் சேர்ந்த மிகேல் குனாட் முன்னெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணமும் அமெரிக்க யுஎஸ்எய்ட் பணமும் இதில் சேர்ந்தன. பாதையில் பெரும்பகுதி புதிதாக வெட்டியதல்ல. தோட்டத்தில் ஏற்கெனவே கிடந்ததை ஒன்றோடொன்று தொடுத்தார்கள். முக்கியமாகச் சேர்த்தது அடையாளப் பலகையும் வரைபடமும்.

மூன்று எச்சரிக்கை. தண்டவாளத்தில் நடப்பது அழகான படத்துக்கு உதவும், உயிருக்கு உதவாது. நானுஓயாவுக்கும் ரதல்லவுக்கும் இடையிலுள்ள குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் நடந்த விபத்தில் 7 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவில் நடக்கவே வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தனர். மலைநாட்டில் மண்சரிவும் ரயில் பாதை உடைவும் ஏராளம். பழைய வரைபடத்தை நம்பாமல் அந்தந்தத் தோட்டத்து ஆட்களைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

இனி செலவு. தலவாக்கலையில் தங்கியிருக்கும் உள்ளூர்ப் பயணி ஒருவர் அரைநாள் நடக்க என்ன ஆகும்? போக வர பஸ், வழியில் இரண்டு பிளேன்ட்டி, ரொட்டியும் சம்பலும், ஒரு போத்தல் தண்ணீர். எல்லாம் சேர்த்தும் ஆளுக்கு 1,000 ரூபாயை எட்டுவது கடினம். பாதைக்குக் கட்டணம் பூச்சியம். ஓர விளிம்பு கட்டியவர், கான் வெட்டியவர், கல் அடுக்கியவர் யாருக்கும் நடக்கிறவர் ஒரு சதமும் கொடுப்பதில்லை.

வெளிநாட்டுப் பயணியின் கணக்கு வேறு. 2024இல் இலங்கைக்கு வந்தவர்கள் 2,053,465 பேர். சுற்றுலா வருமானம் ஏறத்தாழ 317 கோடி டொலர். தலைக்கு ஏறத்தாழ 1,540 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 462,000 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் அன்றைய நாட்சம்பளமான 1,350 ரூபாயால் இதை வகுத்தால் 342 நாட்பேர், அதாவது 342 நாள் வேலை. ஒரு பயணி ஒருமுறை வந்துபோகும் செலவு, கொழுந்து எடுக்கும் ஒருவர் மாதம் 25 நாள் வீதம் ஒரு வருடத்துக்கு மேல் பேர் போட்டால் கிடைப்பது. அதே ஆண்டு தேயிலை ஏற்றுமதி 245 மில்லியன் கிலோ, 143 கோடி டொலர். பயணிகள் கொண்டுவந்தது தேயிலை கொண்டுவந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்தப் பயணிகளை ஈர்க்கும் விளம்பரப் படங்களில் எத்தனையில் தேயிலை மலை இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அதே பாதையில் நடக்கும் இன்னொருவரின் கணக்கு. லயத்திலிருந்து மலைக்கு 1 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பல டிவிசன்களில் இது குறைந்த அளவு. காலையில் 1, பகல் சாப்பாட்டுக்கு வந்துபோக 2, மாலையில் 1. ஆக 4 கிலோமீற்றர். மடுவத்துக்குக் கொழுந்து நிறுக்கப் போய்வருவதை நான் சேர்க்கவில்லை. மாதம் 25 நாள் வேலையென்றால் 100 கிலோமீற்றர், வருடத்துக்கு 1,200. பீக்கோ ட்ரெயிலை வருடத்துக்கு ஏறத்தாழ நான்கு தடவை நடந்து முடித்ததற்குச் சமம். கூடையோ படங்கோ தலைச்சுமையோ இருக்க, ஏற்ற இறக்கத்தில் மணிக்கு 3 கிலோமீற்றர் என்றால் ஒரு நாளைய நடை 80 நிமிடம், மாதத்தில் 33 மணி 20 நிமிடம். 2024இன் 1,350 ரூபாயை 8 மணியால் வகுத்தால் மணிக்கு 168 ரூபாய் 75 சதம். மாதத்துக்கு 5,625 ரூபாய் நடை. வேலையைப் பதியும் செக்ரோலில் பேருக்கு ஒரு கட்டம் இருக்கிறது, கிலோவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நடைக்குக் கட்டம் இல்லை.

கொழும்பில் கந்தோருக்குப் போகிறவருக்கும் பயண நேரத்துக்குச் சம்பளம் இல்லையே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கந்தோர்க்காரரின் சம்பளத்தைப் பகலில் தராசில் வைப்பதில்லை. இங்கே பல தோட்டங்களில் ஒரு பேருக்கு 18 கிலோ. சிலவற்றில் அதற்கும் மேல். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த ஒரு கொழுந்து 1 கிராம் என்று தாராளமாகவே வைத்தாலும் 18,000 கொழுந்து. 8 மணிக்கு 480 நிமிடம். நிமிடத்துக்கு 37 கொழுந்துக்கு மேல் பறிக்க வேண்டும். மடுவத்துக்கு நடக்கும் 20 நிமிடத்தில் 750 கொழுந்து கையைவிட்டுப் போகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். அதனால்தான் மடுவம் எங்கே இருக்கிறது, பாதை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இங்கே சம்பளப் பிரச்சினை. குறுக்குப் பாதைகள் அவ்வளவு செங்குத்தாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

அந்த 18 கிலோ பச்சைக் கொழுந்து தொழிற்சாலையான ஸ்டோரில் வாடி, அரைபட்டு, காய்ந்து வரும்போது ஏறத்தாழ 4 கிலோ தூளாகும். கோப்பைக்கு 2 கிராம் வீதம் 2,000 கோப்பை. 2024இன் சராசரி ஏற்றுமதி விலை கிலோவுக்கு 5.8 டொலர் அளவில். 4 கிலோவுக்கு ஏறத்தாழ 7,000 ரூபாய். ஸ்டோர்ச் செலவு, உரம், விறகு, ஏலம், பொதி எல்லாம் அதற்குள்தான். முழுவதையும் கம்பனி விழுங்குகிறது என்று சொன்னால் அது கோஷம், கணக்கல்ல. ஆனாலும் 2021இல் 1,000 ஆகவும் 2024இல் 1,350 ஆகவும் சம்பளம் ஏறுவதற்கு எத்தனை வருடப் போராட்டம் தேவைப்பட்டது என்பதையும் இந்தக் கணக்கின் ஓரத்தில் எழுதத்தான் வேண்டும். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 1,550ஐயும், அரசு தரும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் முன்மொழிந்தது.

நடக்கும்போது லயங்களைக் கடப்பீர்கள். பழைய லயக்காம்பிரா ஒன்று 10 அடிக்கு 12 அடி. 120 சதுர அடி. செடிக்கு 8 சதுர அடி என்ற முதற்கணக்கை நினைவில் வைத்திருந்தால், ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய அறை 15 தேயிலைச் செடிக்குரிய இடம். புதிய தனிவீட்டுத் திட்டங்களில் தரப்படும் 7 பேர்ச் காணி 1,900 சதுர அடியைச் சற்றுத் தாண்டும்; 238 செடிக்குரிய இடம்.

இந்தப் பகுதியின் தோட்டப் பெயர்களைப் பாருங்கள். ஹோலிரூட், சொமர்செட். அக்கரப்பத்தனைப் பக்கம் போனால் பல்மோரல், கிளாஸ்கோ, சன்ட்ரிங்ஹம், டொரிங்டன். ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருக்கும் ஊர், மாளிகைப் பெயர்களை எடுத்துவந்து மலைக்கு மலை ஒட்டிவிட்டார்கள். எடுத்துவராமல் விட்டது ஒன்று உண்டு. அதுதான் ஊர்நடைப் பாதையின் மீதான சட்ட உரிமை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவழிகள் ஏறத்தாழ 225,000 கிலோமீற்றர். இரண்டின் பரப்பு 151,000 சதுர கிலோமீற்றர். சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் பாதை. அவற்றில் பெரும்பகுதி தனியார் வயலுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் ஊடாகப் போகிறது. நிலம் யாருடையதோ, நடக்கும் உரிமை பொதுமக்களுடையது. இது சும்மா கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறத்தாழ 400 பேர் வேண்டுமென்றே அத்துமீறி நடந்தார்கள். ஐவர் சிறை சென்றனர். 1949இல் வந்த சட்டம் உள்ளூராட்சி மன்றங்கள் பாதைகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி, பொதுமக்கள் ஒரு பாதையில் தடையின்றி 20 வருடம் நடந்திருந்தால், அது பொதுவழியாக அளிக்கப்பட்டது என்றே கொள்ளப்படும்.

அதே 1949இல் இலங்கையில் என்ன நடந்தது? 1947 தேர்தலில் தலவாக்கலை, சி. வி. வேலுப்பிள்ளையை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இல் குடியுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். தோட்டத் தமிழரின் வாக்கு போயிற்று. அங்கே பாதையை வரைபடத்தில் ஏற்றிய வருடம், இங்கே ஆளைப் பட்டியலிலிருந்து இறக்கிய வருடம்.

நீண்ட அனுபவிப்பால் வரும் உரிமை பற்றிய நமது பிரஸ்கிரிப்ஷன் கட்டளைச் சட்டம் 1871ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 10 வருட அனுபவிப்புக்கு அதில் மதிப்புண்டு. ஆனால் அரச நிலத்துக்கு எதிராக அது செல்லாது. 1970களின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. பின்னர் 53 வருடக் குத்தகை. நிலம் அரசுடையது, பிடி கம்பனியுடையது. தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து மன்னார்ப் பக்கம் கரையேறி மாத்தளைவரை ஏறத்தாழ 225 கிலோமீற்றர் காட்டுவழி நடந்துவந்தவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் வீட்டு வாசலுக்குப் போகும் பாதையில் யாரோ ஒருவரின் அனுமதியோடு நடக்கிறார்கள். நெய்ஸ்மித் விதிப்படி அந்த 225 கிலோமீற்றர் வெறும் 45 மணி நேரம். அவர் விதியில் பசிக்கும் காய்ச்சலுக்கும் நிமிடம் சேர்க்கும் வழி இல்லை.

பாதையைச் செப்பனிடும் பணத்தின் கதையும் இதேதான். 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. திருத்தம் வந்தது 2018இல். 31 வருடம், தோட்டத்து வாக்காளர் தெரிவுசெய்த சபை தோட்டத்துப் பாதைக்குக் கல் போடவே தயங்கியது. திருத்தத்துக்குப் பிறகும் தோட்ட நிர்வாகத்தின் இணக்கம் தேவை.

நுவரெலியா மாவட்டம் 1,741 சதுர கிலோமீற்றர். இங்கிலாந்து, வேல்ஸ் அளவில் இங்கே ஏறத்தாழ 2,600 கிலோமீற்றர் பொதுநடைபாதை இருக்க வேண்டும். பாதை என்ற அளவில் தோட்டங்களுக்குள் அது எப்போதிருந்தோ இருக்கிறது. பதிவு என்ற அளவில்தான் இல்லை. அக்கரப்பத்தனை, கொட்டகலைப் பிரதேச சபைகளும் தலவாக்கலை–லிந்துலை நகரசபையும் பெரும் பணம் இல்லாமலே ஒரு வேலையைச் செய்யலாம். ஒவ்வொரு டிவிசனிலும் ஆட்கள் நடக்கும் பாதைகளின் பெயர், நீளம், எங்கிருந்து எங்கே என்பதை எழுதிப் பொதுப்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 5 கிலோமீற்றர் நடைக்கு ஒரு பலகை, மூன்று மொழியில். கான் வெட்டவும் படி கட்டவும் அந்தந்தத் தோட்டத்து இளைஞருக்குக் கூலி.

நடக்க வருகிற உங்களுக்கும் ஒரு கணக்கு. அரைநாளைக்குத் தோட்டத்து இளைஞர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிப்போங்கள்; முழுநாட் சம்பளத்துக்குக் குறையாமல் கையில் கொடுங்கள். தேத்தண்ணீரை லயத்துப் பக்கத்துக் கடையில் குடியுங்கள். குறுக்குப் பாதையில் எதிரே தலைச்சுமையோடு ஒருவர் வந்தால், மலைப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். அவருக்கு நிமிடத்துக்கு 37 கொழுந்து.